ஆறு பென்சில் புள்ளிகள்

போன மாதம் கண்டியில் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பின்தங்கிய பாடசாலைகளின் தரத்தை எப்படி உயர்த்துவது என்பது தலைப்பு. போய்ப் பார்த்தால் பாதி நேரம் ஃபோனைப் பற்றித்தான் பேச்சு. இனி வரவு இடாப்பே தேவையில்லையாம். எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை என்று ஃபோனில் தட்டிவிட்டால் அடுத்த நிமிடமே வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமாம்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள். நான் ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகச் சுற்றிய காலத்தில் எனக்குப் பழக்கமானவள்.

"பரிமளா மிஸ், இனி நீங்க வகுப்புக்குள்ள வந்து தலை எண்ண வேண்டியதில்ல. ஃபோனே எண்ணிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். வலயத்தில் எனக்கு 'தலை எண்ணி' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. எந்த வகுப்புக்குப் போனாலும் முதலில் பிள்ளைகளை எண்ணுவேன். பிறகு வெளியே போய்க் கழிப்பறைப் பக்கம், சமையலறைப் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வந்துதான் இடாப்பைத் திறப்பேன். நானும் சேர்ந்து சிரித்தேன். "ஏன் மிஸ் அப்படி ஒரு பழக்கம்?" என்று அவளே கேட்டபோது வாய்க்கு வந்த எதையோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது. கேட்ட பிள்ளைக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். நான் பட்டணத்துப் பிள்ளை. ஆசிரியர் கலாசாலையில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையக் கூடாது, இடாப்பில் வந்த பிள்ளைக்கு ஒரு கோடு, வராத பிள்ளைக்கு ஒரு சைபர், அடித்துத் திருத்தக் கூடாது. இவ்வளவுதான் மனதில் நின்றது. பிறகு மூன்று பாடசாலைகள், ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நாற்பது வயது தாண்டியபின் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றம் வந்தது. விடிந்தும் விடியாமலும் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஏறி, புசல்லாவையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கடைசியில் தேயிலைக்குள்ளே நடந்து மலையேற வேண்டும். முதல் கிழமை முழங்கால் போயிற்று என்றே நினைத்தேன்.

அங்கே அதிபர் ராஜலிங்கம். மனுசரைப் பற்றி அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஒரு காம்பராவில் பிறந்தவர்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுசான், மழைக்கும் வெயிலுக்கும் கக்கத்தில் ஒரு குடை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. உத்தரவு போடவும் மாட்டார். பேனாவை மூடி மேசையில் வைப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், "டீச்சருக்குத் தெரியாததா" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வேலையைச் செய்யாமல் இருக்க எங்கள் யாராலும் முடியாது. கத்துகிற அதிபர்களோடு எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறோம். இவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

அவருக்கு ஒரே ஓர் ஆசை. பாடசாலைக்கு உயர்தர வகுப்பு கொண்டுவர வேண்டும். சாதாரண தரம் வரைதான் அங்கே இருந்தது. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். பையன்கள் சிலர் போவார்கள். பொம்பளைப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒன்று கொழும்பில் வீட்டு வேலை, இல்லையென்றால் கொழுந்துக் கூடை. "என் தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி டீச்சர், சாதாரண தரத்தோட முடிஞ்சிருச்சு" என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காகவே நாங்கள் சனிக்கிழமைகளிலும் வகுப்பு வைத்தோம். பெறுபேறுகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின. சும்மா சொல்லக் கூடாது, அதில் பொய்யில்லை.

அந்த வருடம் வெளிவாரி மதிப்பீடு வந்தது. வலயத்திலிருந்து ஒரு குழு வந்து இரண்டு நாள் தங்கிப் பாடசாலையைத் துருவிப் பார்க்கும். பாடக் குறிப்பு, பிள்ளைகளின் கொப்பிகள், நூலகம், தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி. வகுப்புக்குள் வந்து நினைத்த பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். வரவு இடாப்பில் எத்தனை சைபர் என்று பார்ப்பார்கள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் உயர்தர வகுப்புக்குச் சிபாரிசு போகும். எனக்கும் அதில் ஓர் ஆதாயம் இருந்தது. ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். அதிபரின் கடிதம் இல்லாமல் அது நகராது.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு அதிபர் என் வகுப்புக்கு வந்தார். நான் ஆறாம் தரத்துக்கு வகுப்பாசிரியை. இடாப்பை வாங்கி, பேனாவை மூடி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். சில பெயர்களுக்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். ஆறு புள்ளி. ஆறும் எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகள்.

"இந்தப் புள்ளைகள நாலு பேர் முன்னால எழுப்பி வச்சா, அதுகளுக்குத்தானே டீச்சர் அவமானம்?" என்றார்.

"அப்ப சைபர் விழுமே சேர்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சருக்குத் தெரியாததா."

புரிந்துவிட்டது. அந்த ஆறு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். இடாப்பில் வந்திருக்கவும் வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்காதீர்கள். குழு வருகிற நாளில் பல இடங்களில் நடப்பதுதான். பென்சில் புள்ளியை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

குழு வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டபின் ஆறு பேரையும் நிறுத்தினேன். "நாளைக்கும் நாளன்னைக்கும் வரத் தேவையில்ல. வீட்டுல இருந்து படிங்க" என்றேன். ஐந்து பேர் சந்தோசமாக ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். வினோதினி. ஒல்லிப் பிள்ளை. அவள் அப்பா கொழும்பில் எங்கேயோ வேலை, அம்மா செல்வராணி கொழுந்து எடுப்பவள்.

"டீச்சர், பன்னெண்டாம் பாடம் எனக்கு இப்ப வாசிக்க வரும்."

"நல்லது. குழு போன பொறவு வாசிச்சுக் காட்டு."

"அம்மா கேட்டா என்ன சொல்றது டீச்சர்?"

"டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு."



முந்தின நாள் தொடங்கிய மழை குழு வரும் நாள் காலையிலும் விடவில்லை. மலையில் மழை புதிதா என்ன? குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வழியோர வடிகான்களில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. குழுவும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தது. தலைவர் நிஸ்தார் சேர், அலவத்துகொடக்காரர், வெள்ளைத் தொப்பி, குறுந்தாடி. அவரைப் பற்றி வலயத்தில் எல்லாருக்கும் பயம். கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவார் என்பார்கள். நான் காலையிலேயே எல்லாப் பெயருக்கும் நேரே கோடு போட்டு, ஆறு பென்சில் புள்ளிகளையும் அழித்திருந்தேன். அழித்த இடத்தை ஊதிக்கூட விட்டேன்.

என் வகுப்புக்குத்தான் முதலில் வந்தார். நாலு பிள்ளைகளை எழுப்பினார். நாலு பேரும் கடகடவென்று வாசித்தார்கள். நிஸ்தார் சேர் "மாஷா அல்லாஹ், நல்லா வாசிக்கிறாங்களே" என்று சொல்லி ஏதோ குறித்தார். அதிபர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எனக்குள் ஒரு பெருமை கூட வந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

இடைவேளை மணி அடித்து, காரியாலயத்தில் குழுவுக்கு வடையும் பிளேன்டியும் வைத்த நேரம். ஏதோ பெரிய லொறி கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். மேசையில் கோப்பைகள் ஆடின. பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். அப்புறம் கீழேயிருந்து கூச்சல்.

கொஞ்ச நேரத்தில் முத்தையா தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர், எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். உடம்பெல்லாம் சேறு.

"சேர், கீழ இருக்கிற பணிய லயத்து மேல மண்ணு எறங்கிருச்சு. நாலு காம்பரா அப்படியே மூடிருச்சு. பெரியவங்க எல்லாம் மலையில. கைக்கொழந்தைக புள்ளக் காம்பராவுல. இந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக எல்லாம் இங்கதானே? ஒருத்தரும் வீட்டுல இல்லையே?"

அதிபர் மேசைமேல் இருந்த இடாப்புகளைப் பார்த்தார். நிஸ்தார் சேர் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் என் இடாப்பைத் திறந்து, கோடுகளின் மேல் விரலை ஓட்டி, வழக்கம்போல மெல்லிய குரலில் சொன்னார்.

"எல்லாரும் இங்கதான், தலைவர்."

"அப்பாடா, மாரியாத்தா காப்பாத்திட்டா! அந்தப் பக்கம் இன்னும் மண்ணு இடிஞ்சுகிட்டு இருக்கு. ஆளில்லாத எடத்துல தோண்டப் போயி எவனும் சாக வேணாம். நிறுத்தச் சொல்றேன்" என்று முத்தையா தலைவர் திரும்பி நடந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவர் காரியாலயப் படி இறங்கினார். முற்றத்தைக் கடந்தார். கொடிக்கம்பத்தைத் தாண்டினார். என் மனதில் அப்போது என்ன ஓடியது தெரியுமா? பிள்ளைகள் இல்லை. அழித்த பென்சில் புள்ளி தெரிகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதவி போகும், ஊர் சிரிக்கும், அதிபர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துகொண்டிருந்தேன். மனுசிக்குப் பயம் வந்தால் எவ்வளவு கேவலமாகிவிடுவாள் என்று அன்றைக்கு என்னைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

தலைவர் கேற்றில் கை வைத்தபோதுதான் கத்தினேன்.

"ஆறு பேர் வரல! தலைவர், ஆறு பேர் வீட்டுல! நாந்தான் வரவேணாம்னு சொன்னேன்!"

கேற்றடியில் மழைக்குள் நின்றவருக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். "எத்தன பேரு? எத்தன பேரு?" என்று திருப்பிக் கேட்டார். விரலால் ஆறு காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு கீழே ஓடினார். அதிபர் என்னைப் பார்க்கவில்லை. குடையை எடுக்கவில்லை. செருப்பையும் விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார். நிஸ்தார் சேர் மதிப்பீட்டு ஃபைலை மூடினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

"இடாப்ப வைங்க டீச்சர். எல்லா வகுப்பையும் வரிசையா நிப்பாட்டுங்க. உசிரோட எத்தன புள்ளைகள் ஈக்கிறாங்கன்னு எண்ணுவோம்."

எண்ணினோம். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து எண்ணினார். என் வகுப்பில் ஆறு குறைந்தது.

நான் கீழே போனபோது, எனக்குத் தெரிந்த லயம் அங்கே இல்லை. ஒரு பக்கம் கூரைத் தகரம் மட்டும் சேற்றுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். அதிபரும் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார், வெள்ளைச் சட்டை எது, சேறு எது என்று தெரியவில்லை. யாரோ கத்தினார்கள், ஐந்து பிள்ளைகள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக் காம்பரா வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அங்கே போயிருக்கிறார்கள். ஓடிப் போய் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து.

"வினோதினி எங்கடா?"

"தெரியாது டீச்சர். அவ எங்ககூட வரல."

அப்போதுதான் மலையிலிருந்து செல்வராணி வந்தாள். மழைக்குத் தலையில் கட்டிய படங்கு அவிழ்ந்து தொங்க, கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். மூடிப்போன காம்பராக்களில் அவளுடையதும் ஒன்று. ஆட்கள் அவள் காம்பராவைத் தோண்டுவதைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் அங்க தோண்டுறாங்க? எம்புள்ள ஸ்கூலுக்குத்தானே வந்துச்சு! நாந்தானே அனுப்பினேன்! சொல்லுங்க டீச்சர், வந்துச்சுதானே?"

எண்ணியாயிற்று. பிள்ளை இல்லை. வரவேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. தாய் மலைக்குப் போனபின் திரும்பவும் வீட்டுக்குள் போய்ப் படுத்திருப்பாள், அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. "தெரியல செல்வராணி" என்று மட்டும் சொல்லிவிட்டு நானும் தோண்டப் போனேன். நகம் பெயர்ந்தது அப்புறம்தான் தெரிந்தது. கைக்கு ஏதாவது மெத்தென்று தட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்திலேயே தோண்டினேன். ஒரு முறை ஒரு துணி வந்தது. தலையணை. நான் ஓவென்று கத்திவிட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. நிஸ்தார் சேர் என் தோளைத் தட்டினார். அவருடைய தொப்பியைக் காணவில்லை.

"டீச்சர், நாங்க வகுப்புக்குள்ள ஈந்த புள்ளைகளத்தான் எண்ணினோம். வெளிய எண்ணல்லியே. தாய் அனுப்பினேன்னு சத்தியம் பண்றா. போய்ப் பாருங்க."

ஏறி ஓடினேன். கழிப்பறைகளைத் திறந்து பார்த்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் பார்த்தேன். சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கும் ஒரு சின்னக் கொட்டில் உண்டு. அதன் தகரக் கதவை இழுத்தேன்.

உள்ளே விறகுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சீருடை, சப்பாத்து, நெஞ்சோடு அணைத்த தமிழ்ப் புத்தகம். ஒரு கன்னத்தில் விரல் தடம். சேறும் சகதியுமாக, தலைவிரி கோலமாக நின்ற என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் வரல டீச்சர்" என்றாள். "யாரும் என்னைப் பாக்கல. சத்தியமா யாரும் பாக்கல."

அப்படியே அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பதினொரு வயதுப் பிள்ளை. இறங்கும் வழியில் என் காதுக்குள்ளே சொன்னாள். "டீச்சர் வரவேணாம்னு சொன்னாங்கன்னு சொன்னேன். அம்மா அடிச்சுருச்சு. டீச்சர் அப்படிச் சொல்ல மாட்டாங்க, படிக்கக் கள்ளப்பட்டுப் பொய் சொல்றேன்னு சொல்லிச்சு."

செல்வராணி பிள்ளையை என் இடுப்பிலிருந்து பறித்துக்கொண்டாள். முத்தமும் அடியும் மாறி மாறிக் கொடுத்தாள். பிறகு அந்தச் சேற்றிலேயே என் காலில் விழுந்தாள்.

"நீங்க தெய்வம் டீச்சர். ஸ்கூலுக்கு மட்டம் போடக் கூடாதுன்னு நீங்க சொல்லிச் சொல்லித்தானே நான் அடிச்சு அனுப்பினேன். வீட்டுல இருந்திருந்தா எம்புள்ள போயிருக்கும். இந்தக் கழுத பொய் சொல்லிச்சு டீச்சர், நீங்க வரவேணாம்னீங்களாம்!"

நான் காரியாலயத்திலிருந்து கத்தியபோது அவள் மலையில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வினோதினி தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு யாரும் சாகவில்லை. என் இடாப்பில் அந்த ஆறு கோடுகளில் ஒன்று மட்டும் உண்மையாகிவிட்டது, என்னாலல்ல. நிஸ்தார் சேர் நடந்ததை நடந்தபடி வலயத்துக்கு எழுதினார், அந்த அறிக்கை லயங்கள் வரை போகவில்லை. எங்களுக்குப் புள்ளி கிடைக்கவில்லை. அதிபர் தானாகவே மாற்றம் கேட்டுப் போனார். போகும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் தடவையாக, "நான் செஞ்சது தப்பு டீச்சர்" என்றார். உயர்தர வகுப்பு சில வருடங்கள் கழித்து வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பில் உட்கார வைத்து, தடுமாறியவர்களைத் தடுமாறியபடியே வாசிக்க விட்டு வாங்கிய சிபாரிசு அது. என் பதவியும் தாமதமாக வந்தது. வந்த நாள் முதல் தலை எண்ணினேன்.

செல்வராணி இன்னும் தைப்பொங்கலுக்குப் பொங்கல்சோறு கட்டி ஆள் மூலமாக எனக்கு அனுப்புவாள். கண்டி மார்க்கட்டில் தூரத்தில் அவளைக் கண்டால், சாமி சத்தியமாக, நான் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவேன். அன்று மண்ணைத் தோண்டியபோது இருந்த பயம் போய்விட்டது. அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாளே, அந்தப் பயம் போகவில்லை.

ஃபோனில் வரவு போடப்போகும் பிள்ளைகளே, போடுங்கள், நல்லது. முதலில் எழுந்துபோய் எண்ணிவிட்டுப் போடுங்கள். உள்ளேயும் எண்ணுங்கள், வெளியேயும் எண்ணுங்கள்.

செல்வராணி, இதை நீ வாசித்தாலும் சரி, யாராவது உனக்குச் சொன்னாலும் சரி. வரவேண்டாம் என்று சொன்னது நான்தான். உன் மகள் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.